கேஸிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் கோர்ட் வாசல் டீக்கடையில் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளை எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் முன்பு அதே பெஞ்சில், அதே ஆளுக்கு எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவைத் தனியே கூட்டிப்போய்ப் பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் தினமும் நான் அங்கே போய் நிற்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். என் தம்பியின் மேல் பழைய கேஸ் ஒன்று இருந்தது. அதிலிருந்து அவன் பெயரை எடுத்துத் தருவதாகச் சொன்ன அந்த ஆளிடம் மொத்தம் 43,000 ரூபாய் கொடுத்தோம். பணம் போனது இரண்டாம்பட்சம். அதுவரை எந்தக் கோர்ட்டும் என் தம்பியைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. அந்த ஆளும் கூட நின்ற ஒரு வக்கீலும் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவைத்து அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். அது நடந்தது என்றே எங்களுக்கு நான்கு மாதம் தெரியாது.

2012-ஆம் வருடம் டெல்டாக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். குறுவை இல்லை, சம்பாவாவது தேறுமா என்று புது ஆற்றையே, அதாவது கல்லணைக் கால்வாயையே, பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். டிசம்பரில் ஒருநாள் ராத்திரி எங்கள் முறை. மடையை யாரோ அடைத்துவிட்டார்கள். அப்பாவும் தம்பியும் டார்ச் லைட்டோடு போனார்கள். மடையருகே நின்றது பங்காளி வீட்டுப் பெரியப்பா. வாய்ப்பேச்சு முற்றிக் கைகலப்பு ஆகிவிட்டது. பெரியப்பாவுக்குத் தோளில் அடி. மறுநாள் அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்பா முதல் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி. அசிங்கமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள்: 294(பி), 323, 506(1).

தம்பி அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். எஃப்.ஐ.ஆரில் அவன் வயது 19 என்று எழுதியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்டேஷன் பேப்பரில் எழுதியிருப்பதைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது?

அப்புறம் வழக்கமான கதைதான். சார்ஜ் ஷீட் போட்டார்கள், வாய்தா மேல் வாய்தா. சாட்சிகள் வரவில்லை. பெரியப்பாவும் எங்களும் மூன்று வருடத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். 2017-ல் அப்பா இறந்தபோது பந்தல்கால் நட்டு வைத்தவரே அவர்தான். அப்பா மேல் இருந்த கேஸ் அவரோடு முடிந்தது. தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கேஸ் மட்டும் கோர்ட்டு அலமாரியில் கிடந்தது.

2024 தொடக்கத்தில் குவைத்தில் டிரைவர் வேலை ஒன்று வந்தது. விசாவுக்குப் போலீஸ் நற்சான்று, அதாவது பி.சி.சி., வேண்டும் என்றார் ஏஜென்ட். கேஸ் நிலுவையில் இருந்தால் அது குறையில்லாமல் வராது. அப்போது ஊரில் ஒருவர் சொல்லித்தான் இந்த ஆளிடம் போனோம். வக்கீல் குமாஸ்தா என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் எந்த வக்கீலிடமும் அவர் குமாஸ்தா இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

"தங்கச்சி, இதுக்குப் போயி கலங்குறியே. பத்து வருஷம் தாண்டின கேஸு. ஒரு பெட்டிஷன் போட்டா பேரை எடுத்துட்டு ஆர்டர் கொடுத்துருவாங்க. அந்த ஆர்டரை ஸ்டேஷன்ல கொடுத்தா கம்ப்யூட்டர்ல இருந்தும் தூக்கிருவாங்க" என்றார்.

இதில் நடக்கும் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொய். ஆனால் கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். பத்து வருடம் ஆன பழைய சங்கதி, யாருக்கும் பகை இல்லை, எடுத்துவிட ஒரு வழி இருக்கத்தானே வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் சொல்வதும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் குறிப்பிட்ட காலம் போனபின் பழைய குற்றப் பதிவை அழிக்கக் கேட்டு உள்ளூர்க் கோர்ட்டிலேயே மனுப் போட முடியும். நம் நாட்டில் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. எத்தனை வருடம் ஆனாலும் பதிவு தானாக அழியாது. நடுவர் மன்றத்தில், அதாவது மாஜிஸ்டிரேட் கோர்ட்டில், 'பெயரை எடுக்கும் மனு' என்று ஒன்று இல்லவே இல்லை. இதை ஒருவர் எங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் போதும்.

முதலில் 8,000 கேட்டார். கொடுத்தோம். பிறகு 15,000. சம்பா அறுத்து டி.பி.சி.யில், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், போட்ட நெல்லுக்கு வந்த காசு அது. ஆதார் ஜெராக்ஸ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஜெராக்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் வாங்கிக்கொண்டார். தம்பியிடம் எழுதாத தாளில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். ரசீது கேட்டதற்கு, "கோர்ட்டு வேலைக்கு யாரு தங்கச்சி ரசீது கொடுப்பா" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் தம்பியை வரச் சொன்னார். கறுப்புக் கோட்டு போட்ட ஓர் இளம் வக்கீல் அன்றுதான் முதன்முதலாக அவனைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. "ஐயா ஏதாவது கேட்டா ஆமாங்கய்யான்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேசிக் காரியத்தைக் கெடுத்துடாதே" என்றாராம். தம்பியின் முறை வந்தது. குற்றச்சாட்டை வாசித்தார்கள். ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். தம்பி, "ஆமாங்கய்யா" என்றான். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வக்கீலைப் பார்த்திருக்கிறான். வக்கீலே, "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டார். ஒரு பிரிவுக்கு 500 வீதம் 1,500 ரூபாய் ஃபைன். கட்டிவிட்டு வெளியே வந்தார்கள்.

"முடிஞ்சுது, இதுதான் ஆர்டர்" என்று அந்த ஆள் ஒரு சின்னக் காகிதத்தைக் கொடுத்தார். கோர்ட்டு முத்திரை இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அன்று அப்படி ஒரு நிம்மதி. அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார். நான் அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தேன். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் இருந்து தூக்குவதற்கு என்று இன்னொரு 20,000 வாங்கினார். அதற்கு என் தோட்டைச் சொசைட்டியில் வைத்தேன்.

ஜூனில் பி.சி.சி.க்கு விண்ணப்பித்தோம். போலீஸ் விசாரணையில், இன்ன கேஸில் தண்டனை பெற்றவர் என்று அறிக்கை போய்விட்டது. தம்பி போனில், "அக்கா, தண்டனைன்னு போட்டிருக்காம். எனக்கு யாரு அக்கா தண்டனை கொடுத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. குவைத் வேலை போயிற்று.

அந்த ஆளுக்குப் போன் செய்தால் முதலில் "பார்க்கிறேன்", பிறகு "பெரிய கோர்ட்டுல போடணும், அறுபதாயிரம் ஆகும்", அதன்பிறகு போனே எடுக்கவில்லை.

தஞ்சாவூர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது எங்கள் ஊர் அங்கன்வாடி அக்கா. அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். 1987-ஆம் வருடத்துச் சட்டம் அது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எங்களுக்கு ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தார்கள். நான் லேமினேட் செய்த காகிதத்தைப் பெருமையாக நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது ஆர்டர் இல்லம்மா. ஃபைன் கட்டின ரசீது" என்றார்.

பிறகு நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்று நகல் வாங்கினார். அதில் இருந்தது: எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டதால் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்படுகிறார். அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை.

இதை எல்லோரும் நன்றாக மனதில் வையுங்கள். கோர்ட்டில் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போறது' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. ஆயுள் தண்டனைக்கும் அதற்கும் கனத்தில்தான் வித்தியாசம், இரண்டுக்கும் பெயர் ஒன்று. ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனைக்கு அப்பீலும் அநேகமாகக் கிடையாது. தண்டனையின் அளவு அதிகம், சட்டப்படி செல்லாது என்றுதான் கேட்கலாம். ஒப்புக்கொண்டதே ஏமாற்றத்தால் என்றால் சீராய்வு மனு என்று செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போக வேண்டும். அதற்கும் 90 நாள்தான் கெடு. எங்களுக்கு விஷயம் தெரியவந்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுப் போட வேண்டும்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் எதில் என்றால், நேர்வழி ஒன்று கையருகிலேயே இருந்தது. புகார் கொடுத்த பெரியப்பா சமாதானத்துக்குத் தயாராக இருந்தார். "எங்க வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று அந்த ஆளிடமே சொன்னார். அடித்தது, மிரட்டியது ஆகிய பிரிவுகளில் புகார்தாரர் சம்மதித்தால் அந்தக் கோர்ட்டிலேயே ராஜி செய்துகொள்ளலாம், மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். 294(பி) மட்டும் ராஜியாகாத பிரிவு. அதையும் சேர்த்து முடிக்க, இரு தரப்பும் சமாதானம் என்று காட்டி ஹைகோர்ட்டில் கேஸையே ரத்து செய்யக் கேட்கலாம். இப்படிப்பட்ட சொந்தத் தகராறுகளில் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே கியான் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ரத்தானால் தம்பி மேல் கேஸே இல்லை. பெரியப்பாவை வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே இவனை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று. ஹைகோர்ட் என்றால் எல்லோருக்கும் ஒரே இடம் இல்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். எங்களை ஏமாற்றிய ஆள் தஞ்சாவூர் கேஸுக்கு "மெட்ராஸ்ல என் ஆளு இருக்கார்" என்றுதான் அறுபதாயிரம் கேட்டார். மாவட்டம் எது என்று பார்த்திருந்தாலே அன்று பிடித்திருக்கலாம்.

கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் நாமே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அது தெரியாவிட்டாலும் பெயரையோ கேஸ் எண்ணையோ வைத்துத் தேடலாம். காசு இல்லை. தண்டனை என்று அதில் ஏறிய அன்றே நான் பார்த்திருந்தால் 90 நாள் கெடுவுக்குள் நின்றிருப்போம். யாராவது ஆர்டர் வாங்கிவிட்டேன் என்றால் கேஸ் எண்ணைக் கேளுங்கள், அதில் போட்டுப் பாருங்கள், பிறகு சான்று நகலுக்கு மனுப் போடுங்கள். வக்காலத்தில் எந்த வக்கீலின் பெயர், அவருடைய பார் கவுன்சில் பதிவு எண் என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம்.

'ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் இருந்து தூக்குவது' என்பதும் சுத்தப் பொய். அந்தப் பதிவுகள் நாடு முழுக்க இணைத்த போலீஸ் வலைப்பின்னலில் இருக்கின்றன. ஒரு ஸ்டேஷன் ரைட்டருக்குக் காசு கொடுத்து அழிக்கிற சங்கதி இல்லை அது. விடுதலையோ ரத்தோ ஆனால், அந்த உத்தரவின் சான்று நகலை ஸ்டேஷனிலும் எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுத்து, பதிவில் அதை ஏற்றச் சொல்லி ஒப்புகை வாங்க வேண்டும். போலீஸ் வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வேலைக்கு, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால்கூடத் தகராறு செய்வார்கள். கேஸ் இருந்ததை மறைத்து எழுதினால் அது தனிக் குற்றம்போல் வந்து நிற்கும். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

இனி எங்கள் கேஸில் நடந்தது.

அந்தப் பெண் வக்கீல் எங்கள் பையைக் கொட்டி ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்தவர், எஃப்.ஐ.ஆரை மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி பிறந்தது 1995 மார்ச். சம்பவம் 2012 டிசம்பர். பதினெட்டே ஆகலையேம்மா. இந்தக் கேஸே இந்தக் கோர்ட்டுக்கு வந்திருக்கக் கூடாது" என்றார்.

பதினேழு வயது, ஒன்பது மாதம். பிளஸ் டூ பையன். அவனைச் சிறுவர்கள் கேஸை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திடம்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது, சரி. மார்க் ஷீட் ஜெராக்ஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட அந்த ஆள் அதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. கூட நின்ற வக்கீலும் படிக்கவில்லை.

பெரியவர்களுக்கு இல்லை என்று சொன்னேனே, அந்த அழிக்கிற சட்டம், பதினெட்டு வயதுக்குள் நடந்த காரியத்துக்கு நம் நாட்டில் உண்மையாகவே உண்டு. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் 9-ஆவது பிரிவின்படி, சம்பவத்தன்று நான் சிறுவன் என்பதை எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். கேஸ் முடிந்து தீர்ப்பு ஆனபின்பும் சொல்லலாம். எத்தனை வயதானபின்பும் சொல்லலாம். சிறுவன்தான் என்று கோர்ட் கண்டால், விஷயத்தைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், ஏற்கெனவே கொடுத்த தண்டனை செல்லாது. 24-ஆவது பிரிவு, அதனால் வரும் தகுதிக்குறைவு எதுவும் அவனுக்குக் கிடையாது என்கிறது. அப்பீல் காலம் முடிந்தபின் அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதினாறு வயதுக்கு மேல் கொடிய குற்றம் செய்து, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வாய்க்கால் சண்டைக்கு அந்தப் பேச்சே இல்லை. 2001 ஏப்ரலுக்குப் பின் நடந்த சம்பவம் என்றால் ஆண்பிள்ளைகளுக்கும் பதினெட்டுதான் கணக்கு.

எத்தனை வீட்டில் திருவிழாச் சண்டை, மணல் வண்டித் தகராறு, மறியல் என்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பெயரை 19, 20 என்று எழுதிச் சேர்த்திருப்பார்களோ. தயவுசெய்து எஃப்.ஐ.ஆரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள். வயதைக் காட்ட முதலில் கேட்பது பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றையும்தான். அவை இல்லாவிட்டால் ஊராட்சியில் கொடுத்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை.

அந்த ஆள் மேல் எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். அன்று கூட நின்ற வக்கீல் மேல் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்துக்கு ரசீது இல்லை. ஆனால் 20,000-ஐ நான் ஜி-பேயில் அனுப்பியிருந்தேன், அது ஆதாரமாக நின்றுவிட்டது. மீதி 23,000-க்கு என் வாய்ச்சொல்தான் சாட்சி.

தம்பிக்காக அதே கோர்ட்டில் 9-ஆவது பிரிவில் மனுப் போட்டிருக்கிறோம். போன வாய்தாவில் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து சாட்சி சொன்னார். அட்டை பிய்ந்த பெரிய நோட்டு. 2000-ஆம் வருடத்துப் பக்கத்தில் தம்பி பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து என்ற கட்டத்தில் அப்பாவின் கோணல் கையெழுத்து. நீதிபதி அந்தப் பக்கத்தைத் தானே இரண்டு முறை படித்துப் பார்த்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உத்தரவுக்குத் தேதி போட்டிருக்கிறார்கள், பொங்கல் கழித்து.